நானும் அம்மாவும் செய்த செவர்லே

அன்பு மகள் கௌமாரிக்கு, சின்னமனூரிலிருந்து அம்மா எழுதுவது. வீரபாண்டி ஆத்தா கண் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதால் அப்பாவின் வலது தொடை ஒன்றைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். அந்தத் தொடையும் மழைக் காற்று அடித்தால் மட்டும் தகடு வைத்த இடத்தில் இழுக்கிறதாம், மற்றபடி ஊன்றுகோலோடு முக்குக் கடை வரை போய் டீ குடித்துவிட்டு, குடிக்கவே இல்லை என்று வந்து சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார். நீயும் மாப்பிள்ளை விஜய்ராஜும் எப்படி இருக்கிறீர்கள், உன் கணுக்கால் இப்போது படி ஏற விடுகிறதா, இல்லை போனில் எனக்காகச் சும்மா சொல்கிறாயா? இங்கே பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், வாய்க்கால் முட்டப் போகிறது, வயல் பக்கம் எங்கு பார்த்தாலும் நடவு. போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே சிரிப்பாய், பக்கத்தில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அந்தப் பக்கம் மாப்பிள்ளை இருப்பார், இதுவோ அவருடைய அம்மாவைப் பற்றிய பேச்சு. ராயப்பன்பட்டி ஸ்டீவன் லீவு முடிந்து உங்கள் ஊருக்கே திரும்புகிறாராம், அவர் கையில் ஏலக்காயும் கறிவேப்பிலைப் பொடியும் கொடுத்துவிடுகிறேன், நடுவில் இது இருக்கும். தனியாக இருக்கும்போது படி.

தை மாதம் நீ பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலில் ஆணி வைத்தார்கள் என்றதும் நான் கிளம்பத்தான் நின்றேன். எங்களுக்கும் உன் மாமியாருக்கும் சேர்த்து மாப்பிள்ளை முந்தின வருடமே விசா எடுத்து வைத்திருந்தார், டிக்கெட் போட்டாயிற்று, புளிக்காய்ச்சல் வரை பெட்டியில் கட்டியாயிற்று. உன் அப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மகளுக்குச் சனி பார்க்கிறது என்று சனிக்கிழமை குச்சனூர் போய் எள் தீபம் போட்டுவிட்டு வந்தவர், திரும்பும்போது வாய்க்கால் பாலத்துத் திருப்பத்தில் வண்டியோடு சரிந்தார். சனீஸ்வரன் மகளுக்கு வைத்ததை அப்பனுக்கும் வைத்துவிட்டார். தேனியில் தகடு வைத்துப் படுக்கையில் போட்டார்கள். இந்தக் காலுக்கு நான் இருக்கிறேன், அந்தக் காலுக்கு யார் இருக்கிறார்கள் என்று தவித்துக்கொண்டிருந்தபோது உன் மாமியார் கம்பத்திலிருந்து போன் செய்து, “நீங்க அண்ணனப் பாருங்க மதினி, புள்ளைய நான் போய்ப் பாத்துக்கிறேன்” என்றார். இருந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டேன். உன் மாமனார் போன பிறகு வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவர், உனக்காக அவ்வளவு தூரம் தனியாக விமானம் ஏறினார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மேற்கொண்டு எழுதப்போவதைப் படித்துவிட்டு அம்மா நன்றி கெட்டவள் என்று நீ நினைத்துவிடக் கூடாது.

பங்குனி உத்திரத்தன்று காலையில் பாயசம் வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தேன், உன் ஸ்டேட்டஸில் ஒரு படம். மயில்கழுத்து நிறமும் வெள்ளையும் அடித்த ஐம்பத்தேழாம் வருடத்துச் செவர்லே, பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கையைத் தூக்கிக்கொண்டு, உள்ளங்கை நீளத்துக்கு, அச்சு அசல் நிஜக் கார் மாதிரி. பக்கத்தில் நீ கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு இருக்கிறாய், உன் மாமியார் நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரிக்கிறார். கீழே எழுதியிருந்தாய், நானும் அம்மாவும் செய்த கார் என்று. எனக்கு முதலில் விளங்கவில்லை. இதை நான் எப்போது செய்தேன் என்று யோசித்தேன். அந்த அம்மா நான் இல்லை என்று பிறகுதான் விளங்கியது. விளங்கினதும் அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டேன்.

அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரிப் பொரிந்திருக்கும் என்று தேடினேன், குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. ஜன்னல் விளிம்புக்கு ஒட்டுகிற வெள்ளித் தாள் எங்காவது பிசிறியிருக்கும் என்று தேடினேன், நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. கடைசியில் முன்பக்கத்து இடது சக்கரம் மேசையைத் தொடாமல் மயிரிழை தூக்கி நிற்பதைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகுதான் பாயசம் தொண்டையில் இறங்கியது. அப்பாவிடம் காட்டினேன். “ஏத்தா, அது என்ன மதுரைக்கா போகப் போகுது, நாலு சக்கரமும் தரையில நிக்கிறதுக்கு?” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆண்களிடம் இதையெல்லாம் காட்டவே கூடாது.

உன்னிடம் கேட்கிறேன், கோபப்படாமல் யோசித்துப் பார். நீ எட்டாம் வகுப்புப் படிக்கும்போது தவசி மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டியைப் பொம்மை என்று நினைத்துத் திறந்தோம், உள்ளே சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வெறும் துண்டு துண்டாக பிளாஸ்டிக், ஒட்டினால் பீட்டில் கார் ஆகுமாம். நீ அழுதுவிட்டாய். நான் ஆஸ்பத்திரி லேப்பில் நாள் பூராவும் ரத்தம் தடவின கண்ணாடியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தவள், ஒரு துண்டை எடுத்து வெட்டின வடு தெரியாமல் தேய்த்து உன் கையில் கொடுத்தேன். அந்த பீட்டில் கார் முடிய கோடை லீவு பூராவும் ஆனது. பின்விளக்குக்கு என் நகப்பாலிஷ், பசை தொட என் ஊசி, துண்டு பிடிக்க என் புருவம் திருத்துகிற இடுக்கி. நான் ஒட்டும்போது மூச்சு விடாதீங்கம்மா என்று காதோரம் சொல்வாய், இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்போம். பிறகு எத்தனை கார் செய்தோம், ஷோகேஸ் நிறைந்து அரிசி டப்பா மேலெல்லாம் வைத்தோம். உன் அப்பாவுக்குக்கூட அதில் இடம் கிடையாது, தொடாதீங்க என்று இருவரும் சேர்ந்து கத்துவோம். கல்யாணமாகிப் போகும்போது பீட்டிலை மட்டும் என் பழைய சேலைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனாய். உன் மாமியார் உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கட்டும், தலை சீவிவிடட்டும், தாங்கிப் பிடித்து நடக்கவைக்கட்டும், அதற்கெல்லாம் எனக்கு வயிறு எரியவில்லை தாயி. உப்புத்தாளை ஏன் அவர் கையில் கொடுத்தாய்?

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாள் வீடியோ காலில் அப்பாவின் எக்ஸ்ரேயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், நீ கையில் ஏதோ ஒட்டிக்கொண்டே, “அம்மா, அந்த இடுக்கிய எடுங்க” என்றாய். என்னத்தா என்று நான் சொன்னேன். அதே நேரத்தில் உனக்குப் பின்னால் இருந்து உன் மாமியாரும் என்னத்தா என்றார். நீ கையை நீட்டினது அவர் பக்கம். எனக்கு வேலை இருக்கிறது என்று போனை வைத்தேன், ஒரு வேலையும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அத்தை அத்தை என்றுதானே கூப்பிட்டுக்கொண்டிருந்தாய், எப்போது மாறியது? அந்த ஆத்திரத்தில் நானும் ஒரு கார் செய்து ஸ்டேட்டஸில் போட வேண்டும் என்று பரணில் பிரிக்காமல் கிடந்த குட்டி பியட் பெட்டியை எடுத்தேன். கீழே என்ன எழுதுவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன், நான் மட்டும் செய்த கார் என்று. சித்திரை மத்தியானத்தில் மொட்டை மாடியில் நின்று சிவப்பு ஸ்ப்ரேயை அடித்தால், அந்த வெக்கையில் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து போய் விழுந்து கார் பூராவும் மணல் தூவினது மாதிரி ஆகிவிட்டது. வெயிலில் அடிக்கக் கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டேன்.

வைகாசிக் கடைசியில் உன் மாமியார் ஊர் திரும்பினார். வந்த வாரமே கம்பத்து பஸ்ஸில் ஏறி அப்பாவைப் பார்க்க வந்துவிட்டார், ஒரு கையில் பன்னீர்த் திராட்சை, இன்னொரு கையில் செருப்புப் பெட்டி. பெண்ணைக் கொடுத்த வீடு, முகத்தைச் சுளிக்க முடியுமா, வாங்க மதினி என்று சிரித்துக் காபி போட்டேன். காபி குடிக்கும்போதே பெட்டியைத் திறந்தார். உள்ளே அந்தச் செவர்லே! நீ அதை அவருக்கே கொடுத்தனுப்பிவிட்டாய் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். விமானத்தில் மேலே வைத்த பை சரிந்து, முன்கண்ணாடி ஓரத்துத் தூண் ஒன்று ஒடிந்து கூரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. “இதக் கொஞ்சம் சரி பண்ணித் தர முடியுமா மதினி, நான் ஒட்டுனா கெட்டுப் போயிரும்” என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். படத்தைவிட நேரில் இன்னும் நன்றாக இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் மகளத்தான் கேக்கணும், அவதான ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்தா என்று சொல்லிப் பெட்டியை அவர் பக்கமே தள்ளிவிட்டேன். உள்ளறையில் இருந்து அப்பா, “ஏத்தா உமா!” என்று ஒரு சத்தம் கொடுத்தார்.

உன் மாமியார் டம்ளரைக் கீழே வைத்தார். கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். “சொல்லிக்குடுத்தாளா? நாலு மாசமும் என் கையத் தட்டித் தட்டி விட்டா மதினி. எங்கம்மா இப்பிடிப் பிடிக்க மாட்டாக, எங்கம்மா ஒரே பக்கமாத்தான் தேய்ப்பாக, எங்கம்மா பசைய ஊசி நுனியில தொட்டு வைப்பாகன்னு காலையில ஆரம்பிச்சான்னா விளக்கு வைக்கிற வரைக்கும் அதே பேச்சு. காது புளிச்சுப் போச்சு. ஒரு நா கோவம் வந்து, அப்ப ஒங்கம்மாவையே வரச்சொல்லு ஆத்தான்னு வெளிய போய்ப் பனியில நின்னுட்டேன். அந்த பீட்டிலு காரு இருக்குல்ல, அதத் தூசி தட்டக்கூட விட மாட்டேன்னுட்டா. இதத்தான் எடுத்துட்டுப் போங்கன்னு தூக்கிக் குடுத்தா” என்றார். அவரே மறுபடியும், “அன்னைக்குப் போன்ல ரெண்டு பேரும் ஒண்ணுபோல என்னத்தான்னு கேட்டம்ல, ஒங்க மொகம் போன போக்க நான் பாத்தேன் மதினி” என்றார்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்தாலும் மறந்திருப்பாய். “நான் போய் எறங்குன வாரம், பட்டப்பகல்ல, வலி மாத்திர மயக்கத்துல அம்மா அம்மான்னு கூப்பிட்டா. அடுப்படியில இருந்து ஓடிப்போய் என்னத்தான்னு நின்னேன். கண்ணத் தொறந்து பாத்தா. அவ தேடுனது நான் இல்லன்னு அந்தப் பார்வையிலயே தெரிஞ்சு போச்சு. என் மொகம் வாடுனத அவளும் பாத்துட்டா போல, சட்டுன்னு, தண்ணி குடுங்கம்மான்னா. அன்னையில இருந்து அப்பிடியே கூப்பிடுறா. ஒத்த ஆம்பளப் புள்ளையப் பெத்தவ நான். அவனும் அம்மான்னு கூப்பிட்டு வருசக் கணக்காச்சு, ஹலோங்கிறான். ஒங்களுக்கு வச்சிருந்ததுல எனக்குக் கொஞ்சம் கிள்ளிக் குடுத்தா மதினி. நானும் வெக்கமில்லாம வாங்கிக்கிட்டேன்.”

கௌமாரி, நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன், தண்ணீர் பாட்டுக்குப் போனது. நீ வலியில் கூப்பிட்டபோது வர முடியாமல் போனது நான். வந்து நின்றது அவர். வந்து நின்றவரின் முகம் வாடக் கூடாது என்று அந்த மயக்கத்திலும் உனக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் குணத்தைப் பற்றிப் பெருமைப்படுவதா, அதற்கும் பொறாமைப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு பூதக்கண்ணாடியையும் பசையையும் எடுத்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூரையைத் தூக்கிப் பிடிங்க, மூச்சு விடாதீங்க என்றேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூச்சையும் அடக்கிக்கொண்டார், கண்ணை மூடச் சொல்லவில்லை மதினி என்று சிரித்துவிட்டேன். ஊசி நுனியில் பசையைத் தொட்டு விரிசலில் வைத்ததும் அதுவாக உள்ளே ஓடிப் பிடித்துக்கொண்டது. அவர் தன் வீட்டிலேயே சட்டென்று ஒட்டுகிற பசையைப் போட்டிருந்தால் கண்ணாடி பூராவும் வெள்ளை பூத்திருக்கும், நல்லவேளையாகத் தொடவில்லை. வெள்ளித் தாளை எப்படி அவ்வளவு நேராக ஒட்டினீர்கள் என்று கேட்டேன், கேட்க எனக்கு நாக்கு கூசியது. பல்குச்சியில் துணியைச் சுற்றி நீவி நீவிப் படியவைத்தாராம், உரித்து உரித்து மறுபடி ஒட்டினாராம். அந்தப் பொறுமை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆகவே சொல்கிறேன், அவரை நீ அம்மா என்றே கூப்பிடு. அதை நிறுத்தச் சொல்லத்தான் முதலில் இந்தக் கடிதத்தை எழுத நினைத்தேன், இப்போது அந்த எண்ணம் இல்லை. ஆனால் பொறாமை போய்விட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் வந்தார், ஒரு பெரிய பெட்டியோடு. அறுபத்தொன்றாம் வருடத்து ஜாகுவார், நீள மூக்குக்காரன். நீ கடைக்குப் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் வைக்க இடமில்லை என்று திரும்ப வைத்துவிட்டு வருவாயாமே, அதே பெட்டி. மாப்பிள்ளை சேலை எடுக்கக் கொடுத்த பணத்தில், உனக்குத் தெரியாமல் போய் வாங்கிவந்திருக்கிறார். “சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட வரலாமான்னு ஒங்களுக்குத்தான் வாங்குனேன். அன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாத்துட்டு, பைக்குள்ளயே வச்சுத் திரும்பக் கொண்டுபோயிட்டேன்” என்றார். வியாழக்கிழமையானால் எங்கள் இரண்டு பேர் போனும் எடுக்கிறதில்லையே, எங்கே போகிறீர்கள் என்று நீ கேட்டாய் அல்லவா, இதுதான். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுகிறோம். நிறத்தில்தான் சண்டை. எனக்குக் கரும்பச்சை, அவருக்கு மாம்பழ மஞ்சள். அப்பாவிடம் தீர்ப்புக் கேட்டோம், யாருக்குச் சொன்னாலும் இன்னொருத்தரிடம் சோறு கிடைக்காது என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன், மஞ்சள். உனக்கு இப்போது வயிறு எரிகிறதா? எரியட்டும், மோர் குடி. முடியும் வரை ஒரு படம்கூட அனுப்பமாட்டேன், மதினியிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இதில் நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இந்த வியாழன் அவர் வரவில்லை. நான் பலகாரம் எல்லாம் செய்து வைத்துவிட்டு பஸ் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் போன் செய்தால், ஜாகுவாரின் இரண்டு இருக்கைக்கும் தோல் நிறம் அடிக்கப் போன வாரம் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார், அதைப் பக்கத்து வீட்டு அனுசுயா பார்த்துவிட்டு, நானும் ஒன்று அடிக்கிறேனே என்று உட்கார்ந்துவிட்டாராம். பேச்சில் மதினி பஸ்ஸை விட்டுவிட்டாராம். “நல்லாத்தான் அடிச்சாக மதினி, கை சுத்தமா இருக்கு” என்று வேறு சொல்கிறார். எனக்குச் சுருக்கென்றது. நம்ம கார அவுககிட்ட எதுக்குக் காட்டுனீக என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. கட்டிலில் இருந்து அப்பா, “மகளுக்கு எரிஞ்ச, சரி. இப்பச் சம்பந்திக்குமா? ஒனக்குத் தண்ணி ஊத்தி அணைக்கப் பெரியாறே பத்தாது” என்கிறார். நாளைக்குக் காலையில் அப்பாவுக்கு இட்லியை ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டு, ஜாகுவாரின் முன்மூடியைப் பஞ்சில் பொதிந்து டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் கம்பத்துக்குப் போகப் போகிறேன். அந்த அனுசுயாவின் கை எவ்வளவு சுத்தம் என்று நானே பார்த்துவிட்டு வருகிறேன். வேறு யாரும் அந்த மூடியைத் தேய்க்க விடமாட்டேன்.

நீ ஸ்ப்ரே அடிக்கும்போது குளிருகிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடிக்காதே, முகமூடி போட்டுக்கொள். கால் பயிற்சியை விடாதே, வலி இல்லை என்றாலும் செய். பனிக்காலம் வரும் முன் முள் வைத்த செருப்பு ஒன்று வாங்கு. மாப்பிள்ளையிடம் சொல், வாரத்தில் ஒரு நாளாவது தன் அம்மாவுக்கு ஹலோ இல்லாமல் போன் பேச வேண்டும் என்று. அதை நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயாகச் சொன்ன மாதிரி இருக்கட்டும். குச்சனூரானும் வீரபாண்டி ஆத்தாளும் உன் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிறுத்தட்டும், நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தர் முகம் ஒருத்தரால் வாடாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். ஏலக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்ததும் இறுக்கமான டப்பாவில் போடு, வாசம் போய்விடும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
உமாதேவி முத்துப்பாண்டி